கட்டைவிரல் உயரப் புல்

மலாயா மண்ணில் கால் வைத்த தமிழர்களிலேயே உட்காரத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் கிளப்பின் புல்காரர்தான். சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். நாலு வருஷம் பார்த்திருக்கிறேன். சாப்பாடு நின்றுகொண்டு, வெற்றிலை நடந்துகொண்டு. சுருட்டுப் பிடிக்கும்போது மட்டும் குந்துவார், அதுவும் குதிகால் தரையில் படாமல், யாரோ கூப்பிட்டுவிட்டது போல. அவர் படுத்துத் தூங்கினாரா என்று கேட்டால், அதற்குச் சாட்சி சொல்ல பிரிக்பீல்ட்ஸில் ஆள் கிடையாது.

அவருக்குப் பெயர் என்று ஒன்று கூலிக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பெரிய துரை முதல் பால்காரர் வீட்டு மாடுவரை எல்லோருக்கும் அவர் கட்டைவிரல்தான்.

நான் அப்போது இருபத்தாறு வயசுக் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த இலாகா என்று கேட்காதீர்கள், பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆபீசில் மேஜை வேலை பார்த்த நாங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கிளப் வைத்திருந்தோம். அதற்கு நான் காரியதரிசி. அதற்கு ஒரு மைதானமும் இருந்தது, அதுதான் வினை. அந்தக் காலத்தில் செங்கல் சூளைக்காரர்கள் களிமண் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம் அது. பிறகு யாரோ புண்ணியவான் ஈயச் சுரங்கத்து மணலைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கிவிட்டான். மேலே மழை கொட்டினால் அரை மணியில் கீழே போய்விடும். ஊரெல்லாம் குடை பிடித்துக்கொண்டு போகும் கோலாலம்பூரில் எங்களிடம் மட்டும் சொந்தமாக ஒரு பாலைவனம் இருந்தது.

அந்த மணலில்தான் கட்டைவிரல் புல் வளர்த்தார். கடையில் விற்கும் உர மூட்டையைத் தொட மாட்டார். மக்கிய சாணம், இலைச் சருகு, வெட்டிய புல்லை அள்ளாமல் அப்படியே விட்டுவிடுவது, இவ்வளவுதான் அவருடைய வைத்தியம். லாலாங் புல் முளைத்தால் ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி, ஜென்ம விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வேலிக்கு அப்பால் எறிவார்.

விடியற்காலையில் மைதானம் முழுக்க நடந்து, பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து கட்டைவிரலைத் தரையில் ஊன்றுவார். வெயில் காலத்தில் புல் நுனி அவர் விரலின் அடி மூட்டைத் தொட வேண்டும். ஒரு நூல் குறைந்தாலும் அன்றைக்கு வெட்டு கிடையாது. ஏன் என்று நான் ஒரு தரம் கேட்டேன்.

"மேல எவ்வளவோ கீழ அவ்வளவு, கிராணி ஐயா. குட்டையா வெட்டினா வேரும் குட்டையாயிரும். அப்புறம் எங்க போயி தண்ணி குடிக்கும்? புல்லோட நெழலுதான் மண்ணுக்குக் குடை. குடையைப் புடுங்கிட்டு வெயில்ல நிக்கச் சொன்னா நீங்க நிப்பீங்களா?"

மனிதர்களையும் அவர் விரலை வைத்துத்தான் எடை போட்டார். முதல் சந்திப்பிலேயே கையைப் பிடித்து, தன் கட்டைவிரலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். எங்கள் கிளப்பின் சேர்மன்தான் ஆபீசின் தலைமைக் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், கனத்த சரீரம். அவர் விரலைப் பார்த்துவிட்டு, "பருமன் ஜாஸ்தி, புல்லு நசுங்கும்" என்று விட்டுவிட்டார். என் விரலை மட்டும் இரண்டு தரம் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நீளம் ஒரு நெல்லு அகலம் கம்மி. உங்ககிட்ட புல்லை நம்பி ஒப்படைக்க முடியாது."

நான் என்னவோ பெண் கேட்டுப் போனது மாதிரி. அவமானத்தில் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களிடம் இருந்த வெட்டு மிஷின் பெரியது, மாடு இழுப்பது. பால்காரரின் காளையை வாரத்துக்கு ஒரு நாள் இரவல் வாங்கி அதில் பூட்டுவார். குளம்பு பட்டால் புல்தரை குழிவிழும் என்று காளையின் நாலு காலுக்கும் தோல் சப்பாத்து கட்டுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடந்த காலத்தில் அந்தக் காளை மட்டும் நாலு சப்பாத்து போட்டுக்கொண்டு ஜம்மென்று நடக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பொல்லாத வருஷம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஈயம் விழுந்தது, இலாகாக்களில் ஆள் குறைப்பு ஆரம்பித்தது. சனிக்கிழமை தோறும் ஆபீஸ் வாசலில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் சாமானைக் கட்டிக்கொண்டு கப்பலேறி இந்தியாவுக்குப் போக வேண்டியதுதான். பற்றாக்குறைக்கு வானமும் மூடிக்கொண்டது. ஏழு வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெரிய துரையிடமிருந்து கடிதம் வந்தது. குழாயும் மரமும் அடுக்க ஸ்டோருக்கு இடம் போதவில்லை. மாதக் கடைசியில் நேரில் வந்து பார்ப்பேன். புல் இருந்தால் மைதானம் கிளப்புக்கு, இல்லையென்றால் ஸ்டோருக்கு. மைதானம் போனால் புல்காரர் எதற்கு? அடுத்த சனிக்கிழமைப் பட்டியலில் கட்டைவிரல் பெயர்தான் முதலில் இருக்கும் என்று சேர்மன் என்னிடம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்.

நான் போய்க் கட்டைவிரலிடம் சொன்னேன். நடந்துகொண்டே கேட்டார். நானும் பின்னாலேயே நடந்தேன். மூன்று சுற்று முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அங்க எனக்கு யாரு இருக்கா, கிராணி ஐயா? இங்கயாச்சும் காலையில வந்தா இந்தப் புல்லு தலையாட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் நாலு அடி தள்ளிக் குனிந்து லாலாங் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

குழாய்த் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் அவர் வேறு வழி பார்த்தார். காலையில் வாளியும் காவடிக் கம்புமாகக் குவார்ட்டர்ஸ் பின்வாசல்களில் நின்று அரிசி கழுவின தண்ணீரைக் கேட்டார். பெண்பிள்ளைகள் மறுக்கவில்லை. என் வீட்டுக்காரி அவருக்காகவே அரிசியை ஒரு தரத்துக்கு மூன்று தரம் கழுவினாள். சோற்றில் ருசியே இல்லை என்று சொன்னேன்.

"புல்லு பொழைக்கட்டும். உங்களுக்கு ருசி அடுத்த மாசம் வரும்" என்றாள்.

இதில் ஒரு சிக்கல். அந்தக் கழுநீர் காலாகாலமாகப் பால்காரரின் மாடுகளுக்குச் சொந்தம். வீட்டுக்கு வீடு ஒரு தகர டின் வைத்துவிட்டுப் போவார், நிரம்பியதும் எடுத்துக்கொள்வார். அந்த வீடுகளுக்குப் பாலைக் கால் படி கூடுதலாக ஊற்றுவதே அதற்காகத்தான். இப்போது டின் எல்லாம் காலி. மாடுகள் தவிட்டை வெறும் தண்ணீரில் குடிக்க மறுத்தன. பால் குறைந்தது, குறைந்ததைப் பால்காரர் தண்ணீரால் நிரப்பினார், எங்கள் ஆபீஸ் முழுக்கக் காப்பி கலங்கல் தண்ணீராகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் பால்காரர் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"என் மாட்டு வாயில அடிச்சு நீ புல்லு வளக்கிறியா? இனிமே காளையும் இல்ல, சாணியும் இல்ல. உன் கட்டைவிரலாலயே வெட்டிக்கோ."

"மாடு பேசும், எதுத்துக் கேக்கும். புல்லு பேசாது. அதுக்கு நாந்தான் கேக்கணும்" என்றார் இவர்.

காளை போனதால் வெட்டு நின்றது. நிழலோரப் புல் முழங்கால் நோக்கி வளர ஆரம்பித்தது. ஹாக்கி ஆடப் போன எங்களுக்குப் பந்தைத் தேடுவதிலேயே பொழுது போனது. சேர்மன் அவசரக் கமிட்டி கூட்டினார்.

"தம்பி, பந்து எங்கை போனதெண்டு நாய் விட்டுத் தேட வேண்டிக் கிடக்கு. துரை வந்து இதைப் பாத்தால் என்ன சொல்லுவார்? ஒரு மிஷின் வாங்குவம்."

மேஜைமேல் இங்கிலாந்துக் கடையின் படப் புத்தகம் ஒன்று. கையால் தள்ளுவது, மாடு இழுப்பது, பெட்ரோலில் தானாக ஓடுவது என்று மூன்று தினுசு. கட்டைவிரலையும் கூப்பிட்டோம். நாற்காலி போட்டோம். அவர் மேஜையைச் சுற்றி நடந்தார். நாங்கள் ஐந்து பேரும் தலையைச் சுழற்றிச் சுழற்றி அவரைப் பார்த்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"மிஷினு எதுவானாலும் சரி. கத்தியை மேல தூக்கி வைக்க முடியுமா, அதச் சொல்லுங்க."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். பெட்ரோல் மிஷின் எவ்வளவு ஒட்ட வெட்டும் என்று பக்கம் பக்கமாகப் பெருமை இருந்தது. எவ்வளவு உயரத்தில் வெட்டும் என்று ஒரு வரி இல்லை.

"அது அந்த ஊரு புல்லுக்குப் பண்ணினது. அங்க தெனமும் தூறலாம், துரைமாரு சொல்றாங்க. இங்க இது ஒட்ட வெட்டினா மூணே நாளு, அப்புறம் மணலுதான். தரையைப் பாத்து மிஷின் வாங்கணும், படத்தைப் பாத்து வாங்கக் கூடாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரி என்று என் உள்மனசுக்குத் தெரியும். ஆனால் இருபத்தாறு வயசுக்கு எல்லாவற்றிலும் அவசரம். நெல் அகலம் கம்மி என்று சொன்ன ஆளுக்கு மிஷினை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது. கடைக்குக் கடிதம் எழுதினேன்: 'ஒரு நாள் கொண்டுவந்து ஓட்டிக் காட்டவும்.' கீழே என் கையெழுத்து, கொட்டை எழுத்தில்.

பால்காரர் சாணத்தை நிறுத்திவிட்டதால் கட்டைவிரல் பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மக்கிய எரு கிடைக்கிறது என்று லோரியில் போயிருந்தார். அந்த நாள் பார்த்து மிஷின் வந்து இறங்கியது. பச்சைப் பெயிண்டு, பித்தளைப் பூண். கடை ஆள் கயிற்றை இழுத்ததும் அது போட்ட சத்தத்தில் குவார்ட்டர்ஸ் நாய்கள் பங்சார் திக்கில் ஓடிவிட்டன. புல் வலதும் இடதுமாகப் பறந்தது. சேர்மன் கைதட்டினார். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

சரியாகப் பாதி மைதானம் முடிந்தபோது எரு லோரி வந்து நின்றது. கட்டைவிரல் மேலிருந்து குதித்து ஓடிவந்து மிஷினுக்கு எதிரில் நின்றார். கடை ஆள் பயந்துபோய் நிறுத்திவிட்டான். அப்போது வந்த அமைதி இருக்கிறதே, அதைவிட அந்தச் சத்தமே தேவலை.

அவர் ஒன்றும் திட்டவில்லை. வெட்டிய பக்கத்தில் கட்டைவிரலை ஊன்றினார். புல் நகத்தைத் தாண்டவில்லை. பிறகு என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தை உருவி, மிஷின் கத்தியின் நடுவில் கொடுத்து உருளையைக் கையால் சுற்றினார். காகிதம் வெட்டுப்படாமல் கிழிந்து வந்தது.

"பாருங்க. வெட்டல, கடிக்குது. கத்தியும் மொக்கை."

கிழிந்த காகிதத்தை என்னிடமே நீட்டினார். அது நான் கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

மூன்று நாள் என்றார், இரண்டே நாளில் அந்தப் பாதி பழுத்தது. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கோரைப் பாய். துரை வர எட்டு நாள் இருந்தது. எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. கூட்டல் போட்டால் தப்பு, கடிதம் எழுதினால் மை கொட்டுகிறது. கண்ணை மூடினால் துறைமுகமும் கப்பலும், அதில் ஒரு மனிதர் உட்காராமல் தளத்தில் நடந்துகொண்டே போவதும் தெரிந்தது. நாலாம் நாள் தாங்காமல் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த மிஷினை வரவழைச்சது நான்தான்."

"தெரியும்" என்றார். "கத்தி ஓடும்போது உங்க மூஞ்சியில தெரிஞ்சுது. இப்ப அழுது என்ன பண்றது, பால்காரர்கிட்ட போங்க. எனக்குச் சாணி வேணும். கழுநீருல பாதியை அவருக்கே விட்டுடறேன்னு சொல்லுங்க."

போனேன். பால்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை நிற்கவைத்தே பேசினார்.

"உங்காளு என் மாட்டுத் தண்ணியை எடுத்துக்குவான், நீங்க வந்து சாணி கேப்பீங்க. நல்லாருக்கு நியாயம்."

ஒரு மணி நேரம் கெஞ்சிய பிறகு ஒப்பந்தமாயிற்று. கழுநீர் ஒரு நாள் மாட்டுக்கு, ஒரு நாள் புல்லுக்கு. நிழலோரத்தில் வளர்ந்த புல் மாட்டுக்கு, சாணம் மைதானத்துக்கு. அதோடு ஒரு நிபந்தனை: இரண்டு நாளும் கழுநீரை வீடு வீடாகப் போய் நான்தான் சுமக்க வேண்டும்.

சுமந்தேன். வெள்ளைக் கோட்டும் கால்சட்டையுமாக, ஆபீசுக்குப் போகும் முன், இரண்டு கையிலும் வாளி. குவார்ட்டர்ஸே வாசலில் நின்று பார்த்தது.

"ஏங்க, ஆபீஸ்ல சீட்டைக் கிழிச்சுட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் என் வீட்டுக்காரி, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.

கட்டைவிரல் சீனர் மளிகைக் கடையில் பழைய அரிசிச் சாக்குகளை வாங்கிவந்து நனைத்து, மொட்டைப் பாதியின் மேல் போர்த்தினார். வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிட்டு, மக்கிய எருவைச் சலித்துத் தூவி, சாணித் தண்ணீர் தெளித்தார். நான் வாளியைக் கவிழ்த்தால் கத்துவார்.

"மேல மேல தெளிக்காதீங்க. ஒரு எடத்துக்கு ஊத்தினா வேருக்குப் போற வரைக்கும் ஊத்துங்க. அடுத்த எடம் நாளைக்கு."

ஏழாம் நாள் காலையில் சாக்கைப் போர்த்தப் போனபோது தரையில் ஊசி ஊசியாக ஏதோ தெரிந்தது. பச்சை என்று சத்தியம் செய்ய முடியாது. செத்தது என்றும் சொல்ல முடியாது. அன்று மாலை பால்காரரே காளைக்குச் சப்பாத்து மாட்டி ஓட்டிவந்தார். நல்ல பாதியைக் கட்டைவிரல் உயரத்துக்கு மட்டமாக வெட்டினோம்.

துரை வந்தார். கையில் பிரம்பு. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் வந்து நின்றார். இந்தப் பக்கம் கம்பளம், அந்தப் பக்கம் மூன்று நாள் தாடி.

"இந்தப் பக்கத்துக்கு என்ன கேடு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

சேர்மன் தொண்டையைக் கனைத்தார். "அந்தப் புல்லு வெட்டுற கூலியாள், சேர்..." என்று ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது, மனுஷனுக்கு ஐந்து பெண்பிள்ளைகள். ஆனால் அந்த வாக்கியம் முடிந்தால் சனிக்கிழமைப் பட்டியல்தான். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"இல்லை சார், நான். மிஷினை அழைத்தது நான். கெட்ட பாதி என்னுடையது. நல்ல பாதி அவருடையது. கெட்டதில் உயிர் இருக்கிறதே, அதுவும் அவருடையதுதான்."

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த கட்டைவிரலைக் கூப்பிட்டார். எப்படிச் செய்தாய் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். இந்த மனிதர் பதில் சொல்வதற்குப் பதிலாகத் துரையின் கையைப் பிடித்துவிட்டார். சேர்மன் கண்ணை மூடிக்கொண்டார். விரலோடு விரலை ஒட்டிவைத்துப் பார்த்ததும் கட்டைவிரலின் முகம் மலர்ந்தது.

"அச்சு அசலா இருக்கு. துரைகிட்ட புல்லை நம்பிக் குடுக்கலாம். இந்தக் கிராணி ஐயாவுக்குத்தான் நெல்லு அகலம் கம்மி. சொல்லுங்க, ஐயா."

அதை நானே என் வாயால் இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னேன். நெல்லுக்கு என்ன அகலம் என்று துரை கேட்க, அதையும் விரலில் காட்டினேன். துரை சிரித்த சிரிப்பில் பிரம்பு கீழே விழுந்தது. பிறகு அவரே குனிந்து, நல்ல பாதியில் தன் கட்டைவிரலை ஊன்றிப் பார்த்தார். மைதானம் கிளப்புக்கு, ஆள் பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று என் வீட்டில் பாயசம், கெட்டிப் பாலில்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு கடிதம் வந்தது. கிள்ளானில் துரைமார் கிளப் மைதானமும் வெயிலில் காய்கிறதாம். இப்பேர்ப்பட்ட ஆள் இங்கே எதற்கு, உடனே அனுப்பவும், சம்பளமும் கூடுதல். கப்பல் கொண்டுபோகாமல் காப்பாற்றிய மனிதரை ரயில் கொண்டுபோகப் போகிறது. அதற்கும் என் வாய்தான் காரணம். கடிதத்தை வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் நான் நடந்த நடையைப் பார்த்து, "நடந்தது போதும், இருமன் ஐசே, உமக்கும் அந்த வியாதி தொத்திப்போச்சோ?" என்றார் சேர்மன்.

ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு வாளி, ஒரு சாக்கு எரு, இவ்வளவுதான் சாமான். மூன்றாம் வகுப்பில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. ரயில் கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது, பிளாட்பாரத்தில் நடந்தோம்.

"கிள்ளான் என்ன அண்ணே, இருபது மைல். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறேன்" என்றேன்.

"என்னைப் பாக்க வேணாம். புல்லைப் பாருங்க. நாளைக்கே அந்த மிஷினை வாங்கினாலும் வாங்குவாங்க. வாங்கட்டும். கத்தியைத் தீட்டி, மேல தூக்கிக் கட்டச் சொல்லுங்க. எவ்வளவு தூக்கறதுன்னு நீங்கதான் நின்னு அளக்கணும்."

"எனக்குத்தான் நெல்லு அகலம் கம்மியாச்சே."

அவர் நின்றார். என் வலக்கையைப் பிடித்து, தன் விரலோடு ஒட்டிவைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுநீர் சுமந்ததில் என் கை காய்த்துப்போயிருந்தது. விரல் மட்டும் வளரவில்லை.

"கம்மிதான்" என்றார். கையை விடவில்லை. "பரவால்ல. வெயில் காலத்துல இந்த நகத்தை வெட்டாதீங்க. சரியாப் போயிரும்."

வண்டி நகர்ந்தது. ஜன்னல் ஜன்னலாக அவர் உள்ளே நடந்துகொண்டு போவது தெரிந்தது.

எத்தனையோ வருஷமாயிற்று. ஆபீசில் கேலி செய்தார்கள், பேரப்பிள்ளைகள் இப்போது கேலி செய்கிறார்கள். மழை நின்று ஒரு வாரமானால் போதும், வலக்கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் நான் வெட்டுவதில்லை.